தாய் பேர், தகப்பன் பேர்

இந்த வாரம் வெயிலைப் பற்றி எழுதுங்கள் என்றார் ஆசிரியர். எழுதலாம்தான். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் மலேசிய வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40ஐத் தாண்டினால் மூன்றாவது. பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் இருப்பவர்களுக்கு இந்தப் படிநிலையெல்லாம் எதற்கு? மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முதுகே சொல்லிவிடும்.

ஆனால் இந்த வாரம் என் கோபம் வெயில்மேல் இல்லை. ஒரு விதைப் பாக்கெட்மேல்.

பக்கத்து வீட்டு அக்காவை, இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டின் கிழக்கு ஜன்னலை ஆப்பிரிக்க வயலெட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டவர். மகள் துணி காயப்போட இடம் கேட்டால்கூட, ‘இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்’ என்று தவணை சொல்பவர். அவருடைய பேரன் பாட்டிக்கு ஆசையாக ஒரு பாக்கெட்டை இணையத்தில் வரவழைத்துக் கொடுத்திருக்கிறான். மேலே படம்: ஒரே பூவில் ஏழு நிறம். விலை ஐந்து வெள்ளி. அக்கா விதைத்தார், மூடி வைத்தார், முளைத்தது. பல வாரம் காவல் காத்தார். வளர்ந்து நின்றது ஏதோ ஒரு கீரை. பொரிக்கலாமா, மாட்டுக்குப் போடலாமா என்றுகூடத் தெரியாத கீரை.

“விதை எம்மாம் பெருசுக்கா இருந்துச்சு?”

“கடுகளவும்மா.”

அங்கேயே தெரிந்துவிட்டது. ஆப்பிரிக்க வயலெட்டின் விதை தூசு. ஒரே ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும், மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். கடுகளவு விதையை எவர் விற்றாலும் அது வேறு செடி. ஏழு நிறப் பூ கம்ப்யூட்டரில் மட்டும்தான் பூக்கும். இந்தச் செடியில் மஞ்சள்கூட வெகுகாலம் கிடையாது. அமெரிக்காவில் நோலன் பிளான்சிட் என்பவர் 1989இல்தான் அதைக் காட்சிக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அது வெளிர் மஞ்சள்தான், மஞ்சள் கிழங்கின் நிறம் அல்ல. பிறகு எங்கிருந்து வந்தது வானவில்? கேட்டால் கடைக்காரன் பதில் சொல்வதில்லை, அடுத்த வாரம் வேறு பெயரில் கடை திறந்துவிடுகிறான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், விதையே தேவைப்படாத செடிக்கு விதை விற்கிறார்கள். இந்தச் செடிக்கு ஓர் இலை போதும். நடு அடுக்கிலிருந்து, முற்றலும் இல்லாத பிஞ்சும் இல்லாத இலையாகப் பார்த்துக் காம்போடு ஒடியுங்கள். காம்பை ஓர் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டுங்கள். தேங்காய்நார்த் தூளையும் பெர்லைட்டையும் கலந்து நனைத்துப் பிழிந்து, தாப்பாவ் டப்பாவில் போட்டுச் செருகி மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. ஒரு மாதத்தில் வேர் விடும், இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் காம்படியில் குட்டிகள் எட்டிப் பார்க்கும். குட்டியின் இலை 50 சென் காசு அளவுக்கு வந்ததும் பிரித்துத் தனித்தனியாக நடலாம். தாய்ச் செடி எப்படியோ குட்டியும் அப்படியே. விதிவிலக்கு, இதழில் கோடு கோடாகச் சக்கரம்போல் வரும் ‘சிமேரா’ வகை. அதை இலை போட்டு வளர்த்தால் கோடு காணாமல் போய்விடும். பக்கக் கன்றிலிருந்தோ பூக்காம்பிலிருந்தோதான் எடுக்க வேண்டும். அதனால்தான் அந்த விலை.

சரி, வெயில். ஆசிரியருக்காக ஒரு பத்தியாவது.

18 டிகிரியிலிருந்து 26 வரை இந்தச் செடிக்குச் சுகம். நமக்கு விடியற்காலையில் மட்டும் கிடைக்கிற சுகம் அது. கேமரன் மலை நர்சரியில் பூவும் மொட்டுமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தெரியும்: பட்டர்வொர்த் வந்து சேர்ந்த சில நாளில் மொட்டு கருகிக் கொட்டும், பிறகு நடுக்குருத்து அழுகும். கொடிமலை உச்சியில் பங்களா உள்ள புண்ணியவான்களுக்குக் கவலையில்லை, அங்கே 800 மீட்டர் உயரம். கீழே கிடக்கும் நாம் குருத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு நைலான் திரியைக் கோத்துக் கீழே தண்ணீர் டப்பா வைத்தால், செடி தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலையில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் போகாது.

அக்காவின் சித்தாந்தம் வேறு. “மலையிலேருந்து வந்தது தாங்காதும்மா. இங்கயே பொறந்தது தாங்கும். இங்கயே வெதை போட்டு, தாங்குனத மட்டும் வச்சிக்கணும்.”

இதைக் கேட்டபோது எனக்கு ஹோல்ட்டம் நினைவுக்கு வந்தார். வருவார் என்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1953இல் ரி. எ. ஹோல்ட்டம் ஆங்கிலத்தில் எழுதிய மலாயாச் சமவெளித் தோட்டக்கலை நூலை நான் எத்தனை தடவை இந்தப் பத்தியில் இழுத்துவந்தேன் என்று ஒரு வாசகர் கணக்கு வைத்திருப்பதாக எழுதியிருந்தார், வைத்திருக்கட்டும். எனக்குப் பிடித்தது அதன் தலைப்பிலேயே இருக்கும் ‘சமவெளி’. மலைக்காற்றை நம்பாதே, உன் வாசலில் அடிக்கிற வெயிலுக்கு எது தாங்குகிறதோ அதைப் பார் என்ற பிடிவாதம் அது. அந்த மனிதர் 1922இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வேலைக்கு வந்தவர், ஜப்பான்காரன் காலத்திலும் அங்கேயே இருந்து வேலை பார்த்தவர், 95 வயது வாழ்ந்தவர். ஆர்க்கிட் விதையைக் கண்ணாடிப் புட்டியில் முளைக்க வைக்கும் வித்தையை 1928வாக்கில் சிங்கப்பூரில் தொடங்கிவைத்தவரும் அவரே. இது பின்னால் வேண்டும், ஞாபகத்தில் வையுங்கள்.

அக்கா விதை போடுகிறார் என்றேன் இல்லையா? பாக்கெட் விதை அல்ல, சொந்த விதை. கல்யாணம் பண்ணி வைக்கிறார். பூவின் நடுவே மஞ்சளாக இரண்டு பை இருக்கிறதே, அதற்குள்தான் மகரந்தம். தானாக அது திறந்து கொட்டாது. காட்டில் ஒரு வகை வண்டு பூவைக் கட்டிப்பிடித்து இறக்கைத் தசையை அதிரவைக்கும், அந்த அதிர்வில் பொடி உதிரும். நம் ஜன்னலுக்கு அந்த வண்டு வராது. ஆகவே அக்கா கையில் பிளேடு. மாப்பிள்ளைப் பூவின் பையை அறுத்து, பொடியைக் கட்டைவிரல் நகத்தில் தட்டி, பெண் பூவின் சூல்முடியில் தொட்டு வைக்கிறார். பெண் பூ மலர்ந்து சில நாள் ஆகியிருக்க வேண்டும், முனை லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். ஒட்டிவிட்டால் இதழ் உதிர்ந்து, அடியில் சூல் உருளும். அந்தக் காய் பழுத்துக் காய நாலிலிருந்து ஆறு மாதம். அவசரப்பட்டுப் பறித்தால் போச்சு. காய்ந்ததை இன்னும் சில நாள் வைத்து, வெள்ளைத் தாள்மேல் பிளந்து, அந்தத் தூசை ஈர மண்ணின் மேலாகத் தூவ வேண்டும். மண்ணைப் போட்டு மூடக் கூடாது, முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள். பூவைக் கண்ணால் பார்க்கக் கல்யாண நாளிலிருந்து ஒன்றரை வருடம்கூட ஆகும்.

பூத்தால்தான் வேடிக்கை. நீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் பிறந்தது பெரும்பாலும் நீலமாகவே வரும், இளஞ்சிவப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே மறுபடி சேர்த்தால் ஏறத்தாழ நாலில் ஒன்று இளஞ்சிவப்பாக வெளியே வரும். மெண்டல் பட்டாணியில் கண்டு 1866இல் அச்சிட்ட அதே கணக்கு. இலையில் வெள்ளைத் திட்டு வேண்டுமானால் அது பெரும்பாலும் தாய் வழியில் மட்டும் வரும். தகப்பனுக்கு எவ்வளவு அழகான திட்டு இருந்தாலும் பிள்ளைக்குக் கிடைக்காது. ஆகவே எது தாய், எது தகப்பன் என்பதுதான் இந்தக் கலையில் முதல் கேள்வி.

அக்காவின் ஜன்னலில் இப்போது ஒரு நாற்று நிற்கிறது. கரு ஊதா, ஓரத்தில் நூல்போல வெள்ளை. போன மாத வெயிலில் மற்றவை சுருண்டபோது இது மொட்டு உதிர்க்காமல் நின்றது. கடல் மட்டத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அக்கா, இது எதுக்கும் எதுக்கும் பொறந்தது?”

“அந்த நீலம் இருந்துச்சே... இல்ல, அதோட தங்கச்சி. அப்புறம் செத்துப்போச்சே ஒரு ரோஸ்... அதுவா இருக்கும்மா.”

எழுதி வைக்கவில்லையா என்றேன். ‘நம்ம வீட்டுச் செடிக்கு எதுக்கு எழுத்து?’ என்றார். இப்போது புரிகிறதா, விதைப் பாக்கெட் விற்றவன்மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம்? இல்லாத செடிக்கு அவன் பெயரும் படமும் அச்சடித்து ஐந்து வெள்ளிக்கு விற்கிறான். இருக்கிற செடிக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

பெயர் விஷயத்தில் இந்தச் செடியின் வரலாறே அப்படித்தான். 1892இல் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் உசாம்பரா மலைப்பகுதியில், தாங்கா மாவட்ட அதிகாரியாக இருந்த வால்டர் ஃபோன் சென்ட் பால் பிரபு இதைத் தன் அப்பாவுக்கு அனுப்பினார். ஹனோவரின் ஹெரன்ஹவுசன் அரச தோட்டத்தில் இருந்த ஹெர்மன் வெண்ட்லாண்ட் 1893இல் ‘சென்ட்பாலியா’ என்று அந்தக் குடும்பத்தின் பெயரையே சூட்டினார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து இந்தச் செடியை மிதித்துக்கொண்டு தண்ணீருக்குப் போனவர்களின் பெயர் எதிலும் இல்லை. (2015இல் தாவரவியலார் அந்தப் பேரினத்தை ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் என்ற பெரிய வீட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். பிரபுவின் பெயர் இப்போது உட்பிரிவில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வருத்தமில்லை.)

அதே 1893இல் நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

ஆக்னஸ் ஜோவாக்கிம், சிங்கப்பூரில் பிறந்த ஆர்மீனியப் பெண். ஆர்மீனியர் என்றால் நமக்கு ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெரு, சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய ஈ அண்ட் ஓ ஹோட்டல். அந்தச் சமூகம்தான். தஞ்சோங் பகாரில் வீடு, பெரிய தோட்டம். அவர் இரண்டு ஆர்க்கிடுகளைச் சேர்த்தார்: வாண்டா ஹுக்கரியானா, வாண்டா டெரெஸ். முதலாவது நம் பேராக் சதுப்பில் கிடந்த செடி. ‘கிந்தா களை’ என்று வெள்ளைக்காரன் அலட்சியமாகப் பெயர் வைத்தது. பிறந்த பிள்ளையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் கொண்டுபோய்க் காட்டினார். ரிட்லி 1893 ஜூனில் லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகையில், இந்த அம்மாள் இரண்டையும் ஒட்டுச்சேர்த்து வெற்றி கண்டார் என்று தெளிவாக எழுதி, ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’ என்று பெயரும் கொடுத்தார். 1899 மலர்க் கண்காட்சியில் பரிசு. அதே ஆண்டு ஜூலையில் ஆக்னஸ் புற்றுநோயில் இறந்தார். வயது 45.

அப்புறம் ஆரம்பித்தது வழக்கு. குடும்பத்தில் ஒரு கதை உலவிற்று: காலையில் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது மூங்கில் புதருக்கு நடுவே ஒரு புதுப் பூவைக் கண்டாராம். கண்டெடுத்தார், உண்டாக்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு பல அறிஞர்கள், வண்டு செய்த வேலை என்றார்கள். ஆர்க்கிட் விதையில் சேமிப்புச் சத்து கிடையாது, மண்ணிலுள்ள பூசணத்தின் துணையில்லாமல் முளைக்காது, புட்டி வித்தை 1920களில்தான் வந்தது (ஹோல்ட்டம், ஞாபகமா?), ஆகவே வீட்டிலிருந்த ஒரு பெண்ணால் முடிந்திருக்குமா என்பது வாதம். முடிந்திருக்கிறதே! இங்கிலாந்தில் வீச் நர்சரிக்காரர்கள் தங்கள் முதல் ஒட்டு ஆர்க்கிடைப் பூக்கவைத்தது 1856. புட்டியில்லாமல்தான். தாய்ச் செடியின் வேரடியில் விதையைத் தூவுவார்கள், பூசணம் அங்கே இருக்கும். இங்கிலாந்தில் ஆண்கள் செய்தால் திறமை, தஞ்சோங் பகாரில் ஒரு பெண் செய்தால் வண்டு. 1981இல் அந்தப் பூ சிங்கப்பூரின் தேசிய மலரானது. அதை உண்டாக்கியவர் ஆக்னஸ்தான் என்று அந்நாட்டு அமைப்புகள் முறையாக ஒப்புக்கொண்டது 2016இல். 123 வருடம். அதுவும் ரிட்லி எழுதிவைத்த அந்தச் சில வரி இல்லாவிட்டால் நடந்திருக்காது. ஆக்னஸின் கைப்பட ஒரு குறிப்பு கிடைத்திருந்தால் வழக்கே எழுந்திருக்காது.

ரிட்லியை விட மனமில்லை. நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிய ரப்பருக்குப் பின்னால் நிற்பவர் இவர்தான். மரத்தைக் கொல்லாமல் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையைச் சீர்செய்து, தோட்டக்காரர்களின் பாக்கெட்டில் விதையைத் திணித்து நடச்சொல்லி, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கியவர். பிறகு 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வந்தது. அங்கேயும் அக்கா செய்கிற வேலைதான், ஏணி வைத்து ஏறிப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தார்கள். எந்த ரப்பர் ரகம் என்று தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் ஆர்ஆர்ஐஎம் 600 என்பார்கள். அதன் தாய் ட்ஜிர் 1, தகப்பன் பிபி 86. ஏட்டில் இருக்கிறது, எந்த மரத்தின் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது என்பது உட்பட. அந்த வரிசையில் விடியுமுன் சீவப்போனவனின் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்ததா? அடையாள அட்டை இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் ‘மைடஃப்தார்’ என்று தனி இயக்கம் நடத்த வேண்டி வந்தது இந்த நாட்டில். மரத்துக்குத் தாய் பேர் தகப்பன் பேர் இருந்தது, சீவியவன் பிள்ளைக்கு இல்லை. இன்றைக்கும் அடையாள அட்டைக்காக வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, நம்ம வீட்டுச் செடிக்கு எதுக்கு எழுத்து என்று அக்கா சொன்னபோது நான் விட்டுக்கொடுக்கவில்லை. இருந்த நாற்றுகளுக்கெல்லாம் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினோம். நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாக, தெரியாததற்குக் கேள்விக்குறி போட்டு. வெயில் தாங்கிய அந்த ஊதாவுக்குத் தகப்பன் இடத்தில் கேள்விக்குறிதான் நிற்கிறது. அதற்குப் பேர் வைக்கச் சொன்னால் அக்கா சிரிக்கிறார். பேரனின் பெயரை வைக்கலாம் என்று எனக்கு யோசனை. கீரை விதை வாங்கிக் கொடுத்ததற்குத் தண்டனையாகவும் இருக்கும்.

பாகானிலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் ஜன்னலோரத்தில் பூவுக்குப் பூ தொட்டு வைக்கும் அம்மாக்கள், பாட்டிகள், தாத்தாக்கள் எத்தனை பேர் இருக்கிறீர்களோ, தயவுசெய்து எழுதி வையுங்கள். ஆப்பிரிக்க வயலெட் ஆகட்டும், ஆர்க்கிட் ஆகட்டும், செம்பருத்தி ஆகட்டும். தொட்டு வைத்த அன்றே பூக்காம்பில் ஒரு நூல் கட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் முதலில் தாய், பிறகு பெருக்கல் குறி, பிறகு தகப்பன், தேதி. கீழே உங்கள் பெயர், அதை மறக்க வேண்டாம். குச்சியைத் தொட்டியில் செருகுங்கள், அதையே ஒரு நோட்டிலும் ஏற்றுங்கள், குச்சி மக்கிப்போகும். பேனாவில் எழுதாதீர்கள். நம் வெயிலுக்கு மை சில மாதத்தில் வெளுத்துவிடும். பென்சில் நிற்கும்.